இருபத்தேழு வருடம் கீழே

சக்கரம் பாதி சுற்றியதும் மாட்டிக்கொண்டது.

அமலோற்பவம் அதன் ஆரங்களுக்கு நடுவே இரும்புக் கம்பியை நுழைத்து, சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. பின்னால் இரும்புக் கதவை யாரோ உதைத்தார்கள். ஒரு செக்யூரிட்டி கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார், இன்னொருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது பேஸ்மென்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

சக்கரம் கிறீச்சிட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

அவளுக்கு எதிரே ஒரு சிமென்ட் தொட்டி. வெண்முகில் ரெசிடென்சியின் நாற்பது மாடிக் கழிவும் அதில்தான் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னூற்றுச் சொச்சம் வீடுகள் லேட்டாக எழுந்து, சாவகாசமாகக் காபி குடித்து, அதைவிடச் சாவகாசமாக பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். தொட்டியிலிருந்து ஓர் ஆள் தவழ்ந்து போகலாம் என்கிற அகலத்தில் ஒரு குழாய் கிளம்பியது. குழாயின் முடிவில் ஓர் உலோக வளையம். வளையத்துக்குள் இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உற்றுப் பார்த்தால் பார்வை வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். கழிவு அதற்குள் கொழகொழவென்று போகும். போய் எங்கேயோ விழுகிற சத்தம் மட்டும் வராது.

விற்பனைப் புத்தகத்தில் இதன் பெயர் நான்காம் பரிமாண வெளியேற்றம். கீழே வேலை செய்கிறவர்கள் 'வாய்' என்பார்கள்.

கடைசி இழுப்பில் வால்வு மூடிக்கொண்டது. குழாயில் ஓட்டம் நின்றது. தொட்டியின் மேற்பரப்பு ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. அமலோற்பவம் கம்பியை எறிந்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தாள். சக்கரத்தைத் தாங்கிய தண்டில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தண்டு முறிந்து சக்கரம் தரையில் உருண்டு ஓடியது. இனி புதுத் தண்டு வராமல் யாராலும் அந்த வால்வைத் திறக்க முடியாது.

சுவரிலிருந்த இன்டர்காம் அடித்தது.

வெண்முகிலின் எம்.டி. குலோத்துங்கன் பேசினார். உடம்பு சரியில்லையா என்று முதலில் அன்பாக விசாரித்தார். கிளப் ஹவுஸில் ஒரு வளைகாப்பு நடக்கிறது, கலெக்டர் குடும்பமெல்லாம் வந்திருக்கிறார்கள், கொஞ்சம் மனசு வைக்க வேண்டும் என்றார். கோபம் பாத்ரூம் விஷயத்திலா என்றும் கேட்டார். வெண்முகிலில் வேலை செய்கிறவர்கள் யாரும் கட்டடத்துக்குள் ஒன்றுக்குப் போகக் கூடாது, எதிர்ச் சாரியிலுள்ள பெட்ரோல் பங்க்குக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. குடியிருப்போர் சங்கத்தில் அருவருப்பாக இருக்கிறது என்று யாரோ புகார் கொடுத்து, கை தூக்கி நிறைவேற்றிய விதி. கழிவுநீர்ப் பிரிவின் தலைமை இன்ஜினீயரான அமலோற்பவத்துக்கும் அதேதான். நாற்பது மாடி மலத்தையும் அனுப்பிவைக்கிற பெண், சாலையைக் கடந்து பங்க்குக்கு ஓட வேண்டும்.

"அந்த ரூலை நாளைக்கே எடுத்துடறேம்மா. இப்பத் தெறந்து விடு."

"இதெல்லாம் எங்க போவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். தெறக்கறேன்."

 குலோத்துங்கன், டாக்டர் நீலமேகத்தை அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நீலமேகம் இருபத்தெட்டாவது மாடியில் குடியிருக்கிறவர். பௌதிகப் பேராசிரியராக இருந்து வேலையை விட்டவர். அந்த வளையம் அவர் மூளை. வெண்முகிலுக்கு செப்டிக் டேங்க் கிடையாது, லாரி கிடையாது, சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. அந்த இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறதென்றால் அது அவர் புண்ணியம். பதிலுக்கு அவருக்கு வீடு கொடுத்திருந்தார்கள்.

தனியாக வருவதென்றால் உள்ளே விடுவதாக அமலோற்பவம் கதவிடுக்கு வழியே சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார். உள்ளே வந்ததும் மறுபடி தாழ் போட்டாள். மனிதர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றார்.

"துண்ட எடுங்க சார். உங்க வீட்டுதும் இதுலதான் கலந்திருக்கு."

அவர் எடுக்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். மஞ்சளும் கறுப்புமாக, இடையிடையே பச்சையாக நுரைத்து, கரையோரமாக ஏதேதோ மிதந்தது. நாப்கின். ஆணுறை. யாரோ கழுவாமல் கொட்டிய பிரியாணி. ஒரு குழந்தையின் டயப்பர் உப்பிப்போய்த் தவளை மாதிரி மல்லாந்து கிடந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது நிரம்ப எவ்வளவு நேரமாகும்?"

"வளைகாப்பு சாப்பாட்டுக்குள்ள நிரம்பிடும். சொல்லுங்க சார். எங்க போவுது?"

"உனக்குத் தெரியும்போல இருக்கே."

"உங்க வாயால கேக்கணும்."

நீலமேகம் படிக்கட்டில் உட்கார இடம் தேடினார். எல்லாப் படியும் ஈரம். நின்றுகொண்டே பேசினார்.

ஆரம்பத்தில் அவருக்கே தெரியாதாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் நமக்குத் தெரியும். கணக்கு நாலாவதாக ஒரு திசை இருப்பதாகச் சொன்னது. நாலாவது அறை என்று ஒன்று இருக்கும், காலியாக இருக்கும், குப்பை கொட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். கதவு திறந்தது. கேமராவைக் கம்பியில் கட்டி உள்ளே நீட்டினார்கள்.

"அங்க அறையும் இல்ல, வெற்றிடமும் இல்லம்மா. இதே இடம். இதே மண்ணு. நாலாவது திசைன்னு ஒண்ணு தனியா இல்ல, அது காலம்தான். நாங்க துளை போட்டது பக்கத்துல இல்ல. கீழ."

"எவ்வளவு கீழ?"

"இருபத்தேழு வருஷம்."

 அவர் தன் பாட்டுக்கு விளக்கிக்கொண்டே போனார். வகுப்பு எடுத்துப் பழகிய குரல், நாற்றத்திலும் தடுமாறவில்லை.

"இந்த டவரையே எடுத்துக்கோ. லிஃப்ட்ல போகும்போது நீ ஒரு மாடியத்தான் பாக்கற. அதுக்காகக் கீழ் மாடியெல்லாம் அழிஞ்சா போச்சு? காலமும் அப்படித்தான். நாம இருக்கறது மேல மட்டும் போற லிஃப்ட். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் எல்லாம் கீழ அப்படியே இருக்கு."

"ஆளுங்களோட."

"ஆளுங்களோடதான்."

"அந்தக் கீழ் மாடில இருக்கறவங்க தலையில நாம ஊத்தறோம்."

அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். அமலோற்பவம் விடவில்லை. கேமராவில் என்ன தெரிந்தது என்று கேட்டாள். ஒரு கால்வாய் என்றார். கரையில் குடிசைகள் என்றார். ஒரு பெண்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததாகவும், இரண்டு சின்னப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு எம்.டி. அழிக்கச் சொன்னாராம். இவரும் அழித்துவிட்டாராம்.

"அதுக்கப்புறந்தான் இங்க குடி வந்தீங்க."

"அமலி, உணர்ச்சிவசப்படாமக் கேளு. அவங்க ஏற்கெனவே வாழ்ந்து முடிச்சவங்க. அவங்களுக்கு நடந்தது நடந்ததுதான். ஒரு எழுத்து மாறாது. நாம அனுப்பினோம்னா, அனுப்பினதா அங்க ஏற்கெனவே இருக்கு. நான் அப்ப வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் இன்னொருத்தன் தொளை போட்டிருப்பான். மாத்த முடியாத ஒண்ணுக்கு யாரக் குத்தம் சொல்லுவ?"

படித்தவர் சொன்னால் எதுவும் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தொட்டியிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி உடைந்தது. அதன் வாடை இரண்டு பேர் முகத்திலும் அறைந்தது. நீலமேகம் குனிந்து ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை.

அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தக் குடிசைகளில் ஒன்று அவளுடையது. வெண்முகிலில் யாருக்கும் இதை அவள் சொன்னதில்லை. இன்டர்வியூவில் சொந்த ஊர் எது என்று கேட்டபோது ஆவடி என்று சொல்லிவைத்தாள், ஏனென்றால் காலி செய்து துரத்திய பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. அவளுக்கு எட்டு வயது ஆகும்வரை கால்வாய் கால்வாயாகத்தான் இருந்தது. சுத்தம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் பாத்திரம் தேய்க்கலாம், வடிகட்டிக் காய்ச்சினால் குடிக்கலாம். திடீரென்று ஒரு நாள் காலையில் கால்வாயின் நடுவே, காற்றிலிருந்து, மலம் கொட்ட ஆரம்பித்தது.

யாரும் நம்பவில்லை. நிலத்தடியில் ஏதோ குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். தோண்டினார்கள், எதுவும் இல்லை. கொட்டுவது நிற்கவும் இல்லை. காலையில் அதிகமாக வரும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகம். அப்போது ஏன் என்று புரியவில்லை.

வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. கைக்குழந்தைகள் வரிசையாகப் போயின. பள்ளிக்கூடத்தில் அந்தக் கரைப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். டீச்சர் அமலோற்பவத்தின் நோட்டை விரல் நுனியால் பிடித்துத் திருத்துவார். சட்டை போட்ட அதிகாரிகள் வந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். இந்த ஜனங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது, இருக்கிற எடத்துலயே போறாங்க என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவளுடைய அம்மா அவர்கள் காலில் விழுந்து, இது எங்களுது இல்ல சாமி, சத்தியமா எங்களுது இல்ல என்று அழுதாள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"எங்களுது இல்லன்னு எங்கம்மா சொன்னது நெசம் சார். அது உங்களுது."



போன வாரம்வரை அவளுக்கும் சந்தேகம் இல்லை. தொட்டியின் சல்லடைக் கம்பியில் ஒரு மாத்திரை அட்டை சிக்கியிருந்தது. வழக்கம்போல எடுத்துப் போடப் போனவள் அதன் காலாவதித் தேதியைப் பார்த்தாள். அடுத்த வருடம். அந்த வருடத்தின் நாலு இலக்கத்தை அவள் முன்பே ஓர் அட்டையில் படித்திருக்கிறாள். பத்து வயதில். கால்வாயில் மிதந்து வந்ததை எடுத்துவந்து அப்பாவிடம் காட்ட, அவர் அச்சடித்தவன் தண்ணியப் போட்டிருப்பான் என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாவிட்டால் இன்ஜினீயர்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. சாயம் கரைத்து ஊற்றுவார்கள். எந்தச் சாக்கடையில் கலர் மாறுகிறதோ அதுதான் வழி. அவளும் இன்று காலை சாயம் ஊற்றினாள். ஸ்டோரில் சிவப்பு வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள், ஏனென்றால் பத்து வயதில் அவள் பார்த்த ஒரு நிறம் அவளுக்குள் இருந்தது, அது தவறாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பொடி செங்கல் நிறத்தில்தான் இருந்தது. தொட்டியில் கொட்டியதும் கிளிப்பச்சையாகப் பொங்கியது.

"எனக்குப் பத்து வயசுல ஒரு நாள் கால்வாய் முழுக்கப் பச்சையா ஓடுச்சு சார். இதே பச்சை. நான் கரையில நின்னு பாத்தேன்."

நீலமேகம் துண்டை எடுத்துவிட்டார். நாற்றம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இன்னிக்கா?"

"இங்க ஒரு நாள்னா அங்கயும் ஒரு நாள்தானே?"

"ஆமா. இங்க எந்த நேரம் உள்ள போகுதோ, இருபத்தேழு வருஷம் முன்னாடி அதே நேரம் அங்க விழும். இங்க நின்னா அங்கயும் நிக்கும். நிமிஷம் பிசகாது."

"அப்ப என் தம்பி சவரி இந்த நிமிஷம் அங்க பாயில கெடக்கான். அஞ்சு வயசு. பேதி நிக்காம கண்ணு சொருகிப் போயி. எங்கம்மா கால்வாய்த் தண்ணியக் காய்ச்சி அவன் வாயில ஊத்துது, வேற தண்ணி இல்ல. அந்தத் தண்ணியில இருக்கறது இருபத்தெட்டாவது மாடில நீங்க போனது. இத நான் மூடாம வேற யாரு சார் மூடுவா?"

"மூடினாலும் அங்க எதுவும் மாறாதும்மா. அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்."

"மாற வேணாம். நான் கையில அள்ளிக் கொடுக்காம இருந்தாப் போதும்."

கதவின் விளிம்பில் தீப்பொறி பறந்தது. காஸ் கட்டர் கொண்டுவந்துவிட்டார்கள். அதே நேரம் இன்டர்காம் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. நீலமேகம் எடுத்துக் கேட்டார். கீழ் மாடி வீடுகளில் பாத்ரூம் தரை ஓட்டைகள் கொப்பளிக்கின்றனவாம். கிளப் ஹவுஸில் வளைகாப்புப் பெண்ணின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த தரைச் சல்லடை பொங்கி, புதுப் புடவைகளை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு பெண்கள் சோபா மேல் ஏறி நிற்கிறார்களாம். ஒருவர் இன்டர்காமிலேயே வாந்தி எடுத்தார். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இது யாருடையது? நாங்கள் ஏன் இதை மிதிக்க வேண்டும்?

தாழ்ப்பாள் உருகி விழுந்தது. செக்யூரிட்டிகள் பாய்ந்து வந்து அமலோற்பவத்தின் கைகளைப் பின்னால் வளைத்தார்கள். அவள் திமிறவில்லை. அவர்களுக்குப் பின்னால் குலோத்துங்கன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வளைகாப்புச் சந்தனம் நெற்றியில். இரண்டு படி இறங்கியவர் தொட்டியைப் பார்த்தார். விளிம்பு தாண்டி வழிய ஆரம்பித்திருந்தது. வாயைப் பொத்தினார், முடியவில்லை. சாப்பிட்ட கல்கண்டு சாதம் அத்தனையும் அதே தொட்டிக்குள் போனது.

வாயைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் செக்யூரிட்டிகள் எதிர்பார்த்தார்கள்.

"அந்தக் கரைக்காரியா நீ?" என்றார். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அதான பாத்தேன்."

நீலமேகம் அவள் சார்பில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குலோத்துங்கன் கையமர்த்தினார்.

"நல்லாக் கேட்டுக்கோம்மா. எங்கப்பா இந்த எடத்த வாங்கும்போதே இது பீக்காடு. நாறுன எடம்னு பேராயிடுச்சுன்னுதான் உங்கள காலி பண்ணாங்க. அந்தப் பேராலதான் ஒருத்தரும் ஏலத்துக்கு வரல, எங்கப்பா ஒத்த ஆளா நின்னு எடுத்தாரு. நாத்தம் இல்லன்னா இந்த டவர் ஏது? கேமராவுல அந்தக் குடிசையப் பாத்த உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. நாறின எடத்துக்குத்தான் நாத்தத்த அனுப்பறோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கமில்லை, கோபமுமில்லை. வீட்டு உள் அமைப்பை விளக்கும் தொனிதான். செக்யூரிட்டிகளில் ஒருவர் அமலோற்பவத்தின் கையை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். அவர் குடும்பமும் எங்கோ ஒரு கரையிலிருந்து துரத்தப்பட்டதாக இருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை யாருக்கும்.

குலோத்துங்கன் அதன் பிறகு அவளை மறந்துவிட்டார். போனில் அடுத்தடுத்துப் பேசினார். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையைப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாகப் புதுத் தண்டு கடைந்து அனுப்பச் சொன்னார். போலீசுக்குச் சொன்னார். குடியிருப்போர் சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, ஒரு மெண்டல் பொம்பளை செய்த வேலை, நாளைச் சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி போக ஆரம்பித்துவிடும், தன் உத்தரவாதம் என்றார். இந்த மனிதர் சொன்னால் செய்வார். செய்யாமல் விட்ட ஒரு காரியத்தை யாரும் பார்த்ததில்லை.

போலீஸ் வரும்வரை அவளை மேல்படியில் உட்காரவைத்தார்கள். பேஸ்மென்ட் தரையில் கழிவு கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. நீலமேகம் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரத்தைப் பார்க்கவில்லை.

அவள் முகத்தில் அழுகை இல்லை என்பது அவரை உறுத்தியது. தோற்றுப்போனவள் முகம்போல இல்லை அது. மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவள் முகம்போல இருந்தது.

"உனக்கு ஜெயிலும்மா. நாளைக்கு அவன் திறந்துடுவான். ஒரு நாளைக்காகவா இவ்வளவும்?"

"ஒண்ணு கேக்கறேன் சார். அங்க நடந்தது நடந்ததுதான், எவனாலயும் மாத்த முடியாதுன்னீங்களே. அது நிச்சயமா? இல்ல, என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொன்னதா?"

"நிச்சயம். அதுல ஒரு ஓட்டை கெடைக்காதான்னு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருக்கேன். கெடைக்கல."

அமலோற்பவம் தலையாட்டினாள். கீழே தொட்டியின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சவரி பொழச்சுக்கிட்டான் சார். இப்ப ஆவடில மெக்கானிக் கடை வெச்சிருக்கான், அவனுக்கு ரெண்டு பசங்க. பச்சைத் தண்ணி ஓடுச்சே, அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கொட்டறது நின்னுபோச்சு. தண்ணி தெளிஞ்சுது, அவனும் தேறிட்டான். எங்கம்மா வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாங்க. காலி பண்ணச் சொல்லி போலீஸ் வர்ற வரைக்கும் இன்னும் ரெண்டு வருஷம் நாங்க அதே கரையிலதான் இருந்தோம். தெனம் காலையில போயி பாப்பேன், இன்னிக்கு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே."

அவர் அவளையே பார்த்தார்.

"அந்த ரெண்டு வருஷத்துல ஒரு சொட்டு வரல."

நீலமேகம் முதலில் தலையசைத்தார், ஆறுதல் சொல்கிற மாதிரி. பிறகு தலை நின்றது. கீழே குலோத்துங்கன் யாருக்கோ போனில் நாளைச் சாயங்காலம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைச் சாயங்காலம் தண்டு வரும். பொருத்துவார்கள். திறப்பார்கள். அவரைத் தடுக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் திறக்கவில்லை. இரண்டு வருடம் முழுக்க, நாற்பது மாடியிலிருந்து ஒருவர் வீட்டுத் தண்ணீர்கூட அந்த வளையத்துக்குள் போகவில்லை. அது நடந்து முடிந்த விஷயம். ஒரு எழுத்து மாறாது.

அப்படியென்றால் நாளைச் சாயங்காலத்துக்குள் அவரை, இந்த டவரையே, ஏதோ ஒன்று நிறுத்தியாக வேண்டும். நீலமேகம் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். 

"லிஃப்ட்ல வராத. படியிலயே எறங்கி ரோட்டுக்கு வந்துடு. நகை, துணி எதுவும் எடுக்காத. உடனே."

மறுமுனையில் அந்த அம்மாள் பதறியது அமலோற்பவத்துக்கும் கேட்டது. ஏங்க, என்னங்க ஆச்சு?

"இன்னும் ஆகல" என்றார் நீலமேகம்.